பெண் பிள்ளைகளின் ஆட்டமும் பெரியவர்களின் அமானிதமும்



பெண் பிள்ளைகளுக்கு டென்னிஸ் எதற்கு என்னும் கேள்வியை நாங்கள் பலமுறை எதிர்கொண்டிருக்கிறோம். உறவினர் கேட்டிருக்கின்றனர், ஜமாஅத்துப் பெரியவர்கள் கேட்டிருக்கின்றனர், திருமண விருந்தில் அருகில் அமர்ந்தவர்கூடக் கேட்டதுண்டு. கேட்டவர் எவரும் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை. தம் வீட்டுப் பெண் குழந்தை மீது கொண்ட அக்கறைதான் அப்படிக் கேட்கவைக்கிறது. அந்த அக்கறைக்கு உரிய விடையைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நாங்கள் கணவனும் மனைவியும். திருவண்ணாமலையில், ரமணாசிரமம் பகுதியில், செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் குடியிருக்கிறோம். எங்களில் ஒருவர் உடற்கல்வி ஆசிரியை. மற்றவர் சிறு கடை நடத்துபவர். ஓய்வு நேரத்தில் சிறுமியருக்கு டென்னிஸ் பயிற்சி நடத்துவதும், ஆண்டுக்கு ஓரிரு முறை சிறிய போட்டிகளை ஒருங்கிணைப்பதும் எங்கள் பணி. விளையாட்டு நிர்வாகம் என்பது பெரிய சொல். நாங்கள் செய்வதோ பெயர்ப்பட்டியல் எழுதுதல், பந்து வாங்குதல், குடிநீர் நிரப்பி வைத்தல், வெயிலுக்குப் பந்தல் கட்டுதல், ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு குழந்தையும் வீடு சேர்ந்துவிட்டதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுதல் ஆகியவையே.

எங்கள் பகுதியைப் பற்றி இங்கே ஒரு சொல் சொல்ல வேண்டும். இரமண மகரிஷி 1922ஆம் ஆண்டில் மலையடிவாரத்தில் வந்து தங்கியது முதல் வளர்ந்த பகுதி இது. உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் இங்கே வந்து மாதக்கணக்கில் தங்குகின்றனர். பௌர்ணமி நாள்களில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் மனிதத் தலைகளாகவே தெரியும், வாகனங்கள் திருப்பிவிடப்படும். எங்கள் பயிற்சி அட்டவணையைப் பிறையைப் பார்த்தும் எழுதுகிறோம், பௌர்ணமியைப் பார்த்தும் எழுதுகிறோம். ஊருக்குத் திரும்பிய வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் விட்டுச்சென்ற நான்கு பழைய மட்டைகளில்தான் எங்கள் பயிற்சி தொடங்கிற்று. இன்று அத்திடலுக்கு முஸ்லிம் வீட்டுச் சிறுமியரும் இந்து, கிறிஸ்தவ வீட்டுச் சிறுமியரும் சேர்ந்தே வருகின்றனர்.

இந்நிலையில் 2025 ஏப்ரலில் ஒரு வாய்ப்பு அமைந்தது. பில்லி ஜீன் கிங் கோப்பையின் ஆசிய ஓசியானியா முதல் பிரிவு ஆட்டங்கள், ஏப்ரல் 8 முதல் 12 வரை புனேயில் உள்ள பாலேவாடி டென்னிஸ் திடலில் நடைபெற்றன. நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. பெருநாள் பலகாரத்தில் மிஞ்சியதைக் கட்டிக்கொண்டு, காட்பாடி சென்று அங்கிருந்து இரயில் ஏறினோம். ஆட்டத்தைப் பார்ப்பதைவிட, ஒரு பன்னாட்டுப் போட்டி எவ்வாறு நடத்தப்படுகிறது என்று பார்ப்பதே எங்கள் நோக்கம். அதற்கென ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் சென்றோம்.

பெண்கள் அணி அணியாக மோதும் உலகப் போட்டி இது. முன்னர் ஃபெடரேஷன் கோப்பை என்றும், பிறகு ஃபெட் கோப்பை என்றும் வழங்கப்பட்டது; 2020இல்தான் இப்போதைய பெயரைப் பெற்றது. புனேயில் இந்தியா, நியூசிலாந்து, தென்கொரியா, தாய்லாந்து, சீனத் தைபே, ஹாங்காங் ஆகிய ஆறு அணிகள் ஆடின. ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளையும் சந்திக்க வேண்டும். ஒரு சந்திப்பில் இரண்டு ஒற்றையர் ஆட்டம், ஓர் இரட்டையர் ஆட்டம். நாளொன்றுக்கு மூன்று சந்திப்புகள் வீதம் ஐந்து நாள்களில் பதினைந்து சந்திப்புகள். முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கும் அணிகளுக்கு அடுத்த சுற்று.

முதல் நாளில் இந்தியா நியூசிலாந்திடம் தோற்றது. தனிநபர் போட்டியாக இருந்தால் தோற்றவர் அன்றே பெட்டியைக் கட்டியிருப்பார். அணிப் போட்டியில் மறுநாளும் ஆட வேண்டும். விஷால் உப்பல் தலைமையிலான நம் அணி அடுத்த நான்கு நாள்களில் தாய்லாந்து, ஹாங்காங், சீனத் தைபே, தென்கொரியா ஆகிய நான்கு அணிகளையும் வரிசையாக வென்று இரண்டாம் இடத்தைப் பெற்றது. ஐதராபாத்தைச் சேர்ந்த ஸ்ரீவள்ளி ரஷ்மிகா பமிடிபாட்டி தாம் ஆடிய ஐந்து ஒற்றையர் ஆட்டங்களிலும் வென்றார். அணியில் இருந்த பிரார்த்தனா தோம்பரே சோலாப்பூர் மாவட்டத்துப் பார்ஷி என்னும் சிற்றூரிலிருந்து வந்தவர். 2014 ஆசிய விளையாட்டில் சானியா மிர்சாவுடன் இணைந்து இரட்டையர் வெண்கலம் வென்றவர். சிற்றூரிலிருந்து வருபவர்கள் என்ற முறையில் அவர் ஊரின் பெயரை எங்கள் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு எழுதினோம்.

எங்கள் குறிப்பேட்டில் ஆட்ட எண்ணிக்கைகள் மிகக் குறைவு. பந்து எடுத்துத் தரும் சிறுவர் சிறுமியர் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மாற்றப்படுகின்றனர், அவர்கள் எங்கே நிழலில் அமர்கின்றனர், வீராங்கனைகள் திடலுக்கு வரும் வழியும் பார்வையாளர் வழியும் எங்கே பிரிகின்றன, உடைமாற்றும் அறையின் வாசலில் யார் நிற்கிறார், அடுத்த ஆட்டம் எப்போது என்பதை வீராங்கனைக்கு யார் சொல்கிறார் என்பன போன்றவையே பக்கங்களை நிறைத்தன. முதல் ஏழு கேம்களுக்குப் பிறகும், அதன்பின் ஒன்பது கேம்களுக்கு ஒருமுறையும் புதிய பந்துகள் வருவதை எல்லோரும் காண்கின்றனர். அந்தப் பந்துகளை எண்ணி, அடுக்கி, உரிய நொடியில் தருவதற்கு ஒருவர் எங்கோ அமர்ந்திருக்கிறார். அவரை எவரும் காண்பதில்லை. எங்களுக்கு அவரைப் போன்றவர்கள்மீதே கண் சென்றது.

ஏப்ரல் 11 வெள்ளிக்கிழமை. எங்களில் ஒருவர் ஜும்ஆவுக்குச் சென்று திரும்பினார். மற்றவர் திடலுக்கு அருகில் ஓர் ஓரத்தில் விரிப்பை விரித்து லுஹர் தொழுதார். அவ்வழியே சென்ற தொண்டர் ஒருவர், தொழுது முடியும்வரை சற்றுத் தள்ளி நின்று, மற்றவர்களைச் சுற்றிப் போகுமாறு கைகாட்டிக்கொண்டிருந்தார். எவரும் அவரிடம் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றைய குறிப்பில் நாங்கள் எழுதிய முதல் வரி அவரைப் பற்றியதே.

அன்று இரவு விடுதியில் அமர்ந்து இப்போட்டியின் வரலாற்றைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஆண்களுக்கான டேவிஸ் கோப்பை 1900இல் தொடங்கியது. பெண்களுக்கும் அத்தகைய அணிப் போட்டி வேண்டும் என்று அமெரிக்க வீராங்கனை ஹேசல் வைட்மேன் 1919இல் கேட்டார். போட்டி தொடங்கியதோ 1963இல், இலண்டன் குயின்ஸ் கிளப்பில், 16 நாடுகளுடன். இடையில் 44 ஆண்டுகள். அந்த 44 ஆண்டுகளில் ஆடும் திறமை பெற்ற பெண்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. அவர்களுக்காக அமர்ந்து, கடிதம் எழுதி, நாடு நாடாக ஆதரவைத் திரட்டிக் கோப்பாக்கிக் கொடுப்பவர்தாம் தேவைப்பட்டார். 1962இல் மேரி ஹார்ட்விக் ஹேர் என்பவர் அத்தகைய கோப்பு ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தார். நெல் ஹாப்மன் என்பவரும் விடாது வாதாடினார். மறுஆண்டே போட்டி பிறந்தது. தொடக்கத்தில் பரிசுப் பணம் கிடையாது. அணிகள் தம் செலவில் வந்து ஆடின.

இதை நம் சமுதாயத்துக்கு நெருக்கமான மற்றொரு செய்தியோடு சேர்த்துப் பார்க்கலாம். 2011இல் ஈரானியப் பெண்கள் கால்பந்து அணி தலையை மறைத்து ஆட வந்தபோது ஒலிம்பிக் தகுதிச்சுற்று ஆட்டத்தில் அனுமதி மறுக்கப்பட்டது. 2014இல் உலகக் கால்பந்துச் சட்டம் திருத்தப்பட்டு, தலைமறைப்பு அனுமதிக்கப்பட்டது. கூடைப்பந்து 2017இல் அதே வழிக்கு வந்தது. டென்னிஸில், ஈரானைச் சேர்ந்த மெஷ்காத்துஸ்ஸஹ்ரா சஃபி என்ற இளம் வீராங்கனை 2022 ஆஸ்திரேலிய ஓப்பன் இளையோர் பிரிவில் ஹிஜாப் அணிந்து ஆடி, ஓர் ஆட்டத்தில் வென்றும் காட்டினார். 2011க்கும் 2014க்கும் இடையில் மார்க்கச் சட்டம் எதுவும் மாறவில்லை. பெண் பிள்ளைகளின் திறமையும் மாறவில்லை. ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் ஒரு விதியைத் திருத்தினார்கள், அவ்வளவே.

புனே பயணத்திலிருந்து நாங்கள் கொண்டுவந்த ஒரே கருத்து இதுதான்: மார்க்கத்தின் பெயரால் நாம் தடை என்று எண்ணும் பலவற்றில், உண்மையில் குறைவாக இருப்பது ஏற்பாடே.

ஊர் திரும்பிய சில வாரங்களில் அக்கருத்து சோதனைக்கு உள்ளாயிற்று. எங்களிடம் மூன்று ஆண்டுகளாகப் பயிற்சி பெறும் சிறுமி ஒருத்தி, வயது பதின்மூன்று. இடக்கைப் பழக்கம், பந்து எங்கே விழும் என்பதை முன்கூட்டியே அறிந்து நிற்பவள். கோடை விடுமுறை முடியும் தறுவாயில் அவளுடைய அத்தா கடைக்கு வந்தார். "பாய், பிள்ளை பெரியவளாயிட்டா. இனிமே அனுப்புறது சரிப்படாது. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார். தேநீர் கொடுத்து உட்காரவைத்தோம். அன்று விவாதிக்கவில்லை. மறுநாள் எங்களில் ஆசிரியையாக உள்ளவர் அவர்கள் வீட்டுக்குச் சென்றார். உம்மாவும் பாட்டியும் இருந்தனர். சிறுமி அறைக்குள் இருந்தாள்.

மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்ற பேச்சுதான் வரும் என்று எண்ணியே ஆசிரியை சென்றார். அவர்கள் கேட்டவையோ வேறு. "டீச்சர், வியர்த்துப்போனா அவ எங்கே உடை மாத்துவா? சுத்தி நிக்கிற பசங்க யாரு? போட்டோ எடுத்துப் போன்ல போட்டுட்டா என்ன பண்றது? மஃரிபுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துடுவாளா? மாசத்துல சில நாள் வர முடியலேன்னா கோச்சிக்குவீங்களா?" ஐந்து கேள்விகள். ஐந்தும் நியாயமானவை. ஐந்தில் ஒன்றுக்குக்கூட ஆலிமிடம் சென்று ஃபத்வா கேட்க வேண்டியதில்லை. தச்சரிடமும் தையற்காரரிடமும் சென்றால் போதும்.

சென்றோம். திடலின் ஓரத்தில் ஆறடிக்கு எட்டடி அளவில் தகர அறை ஒன்று எழுப்பி, உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்தோம். வெளிப்பக்கத் தாழ்ப்பாள் வேண்டாம் என்று பாட்டி சொல்லியிருந்தார். அவர் சொன்னபடியே அமைத்தோம். சாலையை நோக்கிய வேலியில் பச்சை வலைத்துணி கட்டினோம். திங்கள் முதல் வியாழன் வரை அஸர் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம் சிறுமியருக்கு மட்டும் என்று ஒதுக்கி, மஃரிபுக்கு அரைமணி முன்னரே முடிப்பதென்று எழுதி ஒட்டினோம். பெற்றோரின் எழுத்து ஒப்புதலின்றி எவரும் படம் எடுக்கக் கூடாது என்ற விதியை வாசலில் பலகையாகவே வைத்தோம். தாய்மார் அமர ஒரு விசுப்பலகை போட்டோம். முழுக்கைச் சட்டை, தளர்வான கால்சட்டை, அவிழாத தலைமறைப்பு ஆகியவற்றை எங்கள் தெருத் தையற்காரர் வியர்வையை உறிஞ்சும் துணியில் தைத்துக் கொடுத்தார். ஒரு சிறுமி சில நாள்கள் வரவில்லையென்றால் காரணம் கேட்பதில்லை என்பதையும் பயிற்றுநர்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்டனர்.

தகரத்துக்கும் வலைத்துணிக்கும் ஆன செலவில் பாதியை எங்கள் பகுதியின் இந்துக் குடும்பங்கள் தந்தன. காரணம் எளிது: தம் மகள் உடை மாற்றவும் அறை வேண்டும், தம் மகளின் படமும் அறியாதார் கையில் போகக் கூடாது என்பதே அவர்கள் விருப்பமும். நாணத்தை ஈமானின் ஒரு பகுதியாகவே மார்க்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. அந்த நாணத்துக்கு இடம் செய்து கொடுத்தபோது அனைத்து வீட்டுப் பெண் பிள்ளைகளும் அதன் பயனைப் பெற்றனர்.

அச்சிறுமி திரும்பி வந்தாள். முதல் வாரம் அவளுடைய பாட்டி தினமும் உடன் வந்து விசுப்பலகையில் அமர்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தார். இரண்டாம் வாரத்தில், "அந்தப் பிள்ளை ஏன் கோட்டுக்கு வெளியே அடிக்கிறா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். அவளுடைய அத்தா ஓர் ஆண்டுக்கு மட்டுமே ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த கோடையில் மீண்டும் பேசுவோம் என்றார். அது அவருடைய உரிமை. வேறொரு சிறுமியின் குடும்பம் இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பின்னும் வேண்டாம் என்றே முடிவு செய்தது. அம்முடிவையும் மதிக்கிறோம். அக்குழந்தையின் மட்டை எங்கள் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

இங்கே சானியா மிர்சாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2005ஆம் ஆண்டு வாக்கில் அவருடைய ஆட்ட உடை குறித்து நம் சமுதாயத்தில் எழுந்த விவாதம் பலருக்கு நினைவிருக்கும். உடை பற்றிய கருத்தை அவரவர் மார்க்க அறிவின்படி கொள்ளட்டும். பேரவைகளிலும் பத்திரிகைகளிலும் அவ்வளவு பேசிய நாம், நம் ஊர்ச் சிறுமி நம் வரையறைக்குள் நின்று ஆடுவதற்கு ஓர் அறையையோ ஒரு மணி நேரத்தையோ ஒதுக்கினோமா என்பதே எங்கள் வினா. அதே சானியா 2020 மார்ச்சில், குழந்தைப் பேற்றுக்குப் பின், துபாயில் இந்திய அணிக்காக ஆடினார். இந்தியா முதன்முறையாக இக்கோப்பையின் ப்ளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்றது அப்போதுதான். அதற்காகக் கிடைத்த ஃபெட் கோப்பை ஹார்ட் விருதின் தொகையைக் கொரோனா காலத்தில் தெலங்கானா முதலமைச்சர் நிவாரண நிதிக்கு அளித்தார். இரண்டாம் முறை தகுதி பெற்றது புனேயில், எங்கள் கண்முன். அவ்வாண்டு நவம்பரில் பெங்களூருவில் சுலோவேனியா, நெதர்லாந்து அணிகளைச் சந்தித்த இந்தியா அடுத்த சுற்றுக்குச் செல்ல இயலவில்லை. எனினும் அச்செய்தியை எங்கள் திடலின் சிறுமியர் எங்களுக்கு முன்பே அறிந்து, எவர் எப்படி ஆடினார் என்று வாதாடிக்கொண்டிருந்தனர்.

பெண்கள் உடல் வலிமையோடு இருப்பது மார்க்கத்துக்குப் புதிதன்று. நபி (ஸல்) அவர்கள் பயணமொன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதும், முதன்முறை அன்னையார் முந்தியதும், பின்னொரு முறை நபியவர்கள் முந்தியதும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. அந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்காமல் விடும் ஒரு செய்தி உண்டு: உடன் வந்த கூட்டத்தை முன்னே செல்லுமாறு நபியவர்கள் அனுப்பிவிட்டே ஓடினார்கள் என்று அறிவிப்புகள் கூறுகின்றன. ஆட்டமும் நடந்தது, மறைவும் காக்கப்பட்டது. எங்கள் பச்சை வலைத்துணியும் அந்த முன்மாதிரியின் மிகச் சிறிய நிழலே என்று எண்ணி ஆறுதல் கொள்கிறோம்.

பொறுப்பில் உள்ள ஒவ்வொருவரும் தம் பொறுப்பைக் குறித்து விசாரிக்கப்படுவர் என்பதை நாம் அறிவோம். விளையாட்டு நிர்வாகியின் பொறுப்பும் அமானிதமே. பெற்றோர் தம் மகளை ஒரு மணி நேரம் நம் கையில் ஒப்படைக்கின்றனர். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் பாதுகாப்பாகவும் கண்ணியத்தோடும் மகிழ்ச்சியோடும் இருந்தாளா என்பதே நம்மிடம் முதலில் கேட்கப்படும் கணக்கு. எத்தனை கோப்பை வென்றாள் என்பது அதற்குப் பிறகே.

ஆகவே, இதைப் படிக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகளின் பயிற்சியை நிறுத்த எண்ணினால், நிறுத்துவதற்கு முன் உங்கள் கேள்விகளைத் தாளில் எழுதி நிர்வாகியிடம் கொடுங்கள். தயங்காமல் கேளுங்கள், தாழ்ப்பாள் உள்ளதா என்று கேட்பது உங்கள் கடமை. நிர்வாகத்தில் இருப்போர் அக்கேள்விகளைப் பிற்போக்கு என்று ஒதுக்காமல் வேலைப்பட்டியலாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஜமாஅத்துப் பெரியவர்களே, மதரஸாக் கட்டடத்தின் சுற்றுச்சுவருக்குள் அஸருக்குப் பின் காலியாகக் கிடக்கும் முற்றம் உங்கள் ஊரிலும் இருக்கலாம். ஒரு வலையும் இரண்டு மட்டைகளும் ஒரு மூத்த பெண்மணியும் இருந்தால் அங்கே ஓர் ஆட்டம் தொடங்கிவிடும்.

நம் பெண் பிள்ளைகளை ஈமானிலும் உடலிலும் உறுதியுள்ளவர்களாக அல்லாஹ் ஆக்குவானாக. அவர்களைக் குறித்து நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தை முறையாக நிறைவேற்றும் தகுதியை நமக்குத் தருவானாக. ஆமீன்.